சங்கிலியை மேலே ஏற்றியது யார்?

டிராக்டர் மல்லாக்கக் கவிழ்ந்து, மர மில் முதலாளி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டிராக்டரைக் கைது செய்ய வழியில்லை என்பதால் அதன் டிரைவரைக் கைது செய்திருந்தார்கள்.

டிரைவரின் மனைவி மேடத்தின் மேஜைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்கார்ந்தால் அதற்கும் ஒரு வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தவளைப் போல.

"சங்கிலியை மேல மாட்டினது இவர்தான்னு சொல்றாங்கம்மா. இவர் அப்படி மாட்டவே மாட்டார்."

"மேலன்னா எங்க?" என்று கேட்டார் கண்டக்டர்.

கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டர்தான். முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும்வரை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். மேடம் ஒரு காலத்தில் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தவர். கம்பெனிக்குப் பிடிக்காத அறிக்கைகளையே அதிகம் கொடுத்ததால், தனியாகத் துப்பறிய வந்துவிட்டார். கூட்டத்தில் டிக்கெட் வாங்காதவன் முகத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் ஆள் தனக்கு உதவியாக இருக்கட்டும் என்று கண்டக்டரைச் சேர்த்துக்கொண்டார். அவர் வாய் கூடவே வரும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

"டிராக்டருக்குப் பின்னால கீழ, தரைக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பட்டை நீட்டிட்டு இருக்கும். டிராபார்னு சொல்லுவாங்க. எதை இழுக்கறதா இருந்தாலும் அதுலதான் மாட்டணும்" என்றாள் அவள். "சீட்டுக்குப் பின்னால, மேல ஒரு வளையம் இருக்கு. அது கலப்பையைப் பிடிச்சுக்கறதுக்கு. அதுல சங்கிலி போட்டு இழுத்தா வண்டி மூக்கைத் தூக்கிட்டு மல்லாந்துரும். டிராக்டர் ஓட்டறவங்க எல்லாருக்கும் இது தெரியும். ஓட்டாத எனக்கே தெரியும்."

"போலீஸும் அதைத்தான் சொல்லுது. முதலாளி ஓட்டப் போறார்னு தெரிஞ்சேதான் மாட்டினாராம்" என்றார் மேடம்.

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். "முந்தின நாள் சாயங்காலம் முதலாளிக்கும் இவருக்கும் வாய்ச்சண்டை. அதை யாரோ சொல்லிட்டாங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

"எழுந்திருங்க கண்டக்டர்."

"ஏற்கனவே ரைட் கொடுத்துட்டேன் மேடம்."

லாக்கப்பில் டிரைவர் சுவரோடு சுவராக நின்றிருந்தார். மில்லில் அவருக்குப் பெயர் ஆமை. அவர் வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பேச்சும் அதே கியரில்தான் வந்தது.

"முதலாளி... கண்ணைத் தொறந்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

"தொறந்தா சொல்லுங்க."

"தொறந்தா அவரே சொல்லுவார்" என்றார் கண்டக்டர். "இப்ப நீங்க சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். மில்லுக்குப் பின்னால் பள்ளத்தில் பெரிய மரம் ஒன்று கிடந்தது. மழையில் பாதி சேற்றில் இறங்கிவிட்டது. இந்த டிராக்டரால் அதை இழுக்க முடியாது, பக்கத்து யார்டிலிருந்து மரம் தூக்கும் லோடரைக் கொண்டுவரலாம் என்று இவர் சொன்னார். லோடர் எதற்கு என்று முதலாளி சத்தம் போட்டார்.

"நானும் சத்தம் போட்டேன்."

"நீங்களா?" கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்காவது கேட்டுச்சா?"

"கேட்டவங்கதான் போலீஸ்ல சொல்லியிருக்காங்க."

"மறுநாள் காலையில?" என்றார் மேடம்.

"அவர் ஆசைப்பட்டாரேன்னு ஒரு தடவை இழுத்துப் பாத்தேன். கீழ டிராபார்லதான் சங்கிலியைக் கோத்து, அது கழண்டு வராம இரும்புப் பின்னைப் போட்டேன். பின்னால சக்கரம் ரெண்டும் சேத்தைத் தோண்டிட்டு எறங்கிருச்சு. உடனே நிறுத்திட்டேன். லோடரைக் கொண்டாரேன்னு கெளம்பிட்டேன். திரும்பி வந்தா வண்டி மல்லாந்து கெடக்கு. அதுக்கடியில அவர் கால்."

"வண்டியை யார் தூக்கினது?"

"நான்தான். லோடரை வெச்சு நிமித்தினேன். அவரை வெளிய இழுத்தேன். ஆம்புலன்ஸ்ல கூடவே போனேன். ரத்தம் வேணும்னாங்க. எனக்கும் அவருக்கும் ஒரே குரூப்." டிரைவர் தன் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். "கையில பஞ்சு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். போலீஸ் வந்துட்டாங்க."

"இன்னொரு கேள்வி" என்றார் மேடம். "டிராபார் பின்னுக்குக் கிளிப் போட்டீங்களா?"

அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"கிளிப் தொலைஞ்சு போச்சும்மா. ஆணியை வளைச்சுப் போட்டிருந்தேன். கிளிப்போ ஆணியோ, கீழ ஓட்டையில ஏதாவது ஒண்ணு இருக்கணும். இல்லாட்டி குலுங்கற குலுங்கல்ல பின் மேல எம்பி வெளிய வந்துரும். யார்கிட்ட சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

மில்லில் ரம்பம் ஓடவில்லை. மரத்தூள் மட்டும் எல்லா இடத்திலும் உட்கார்ந்திருந்தது. முதலாளியம்மா ஆபீஸ் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். இறுக்கிப் போட்ட கொண்டை. அதிலிருந்து ஒரு முடிகூட அவர் அனுமதியில்லாமல் வெளியே வந்திருக்கவில்லை. பகலில் மில், சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று இரண்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணுமோ பாருங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றார். "டிரைவர் இப்படிச் செய்வார்னு என்னாலயும் நம்ப முடியல."

"அன்னிக்கு இங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"அவர், டிரைவர், மேஸ்திரி, என் தம்பி. பலகை அடுக்கற பொம்பளைங்க அந்தப் பக்கம் ஷெட்ல இருந்தாங்க. நான் ஆபீஸ்ல இருந்தேன்."

மேஸ்திரி கனத்த உடம்புக்காரர். அலறல் கேட்டு ஓடிவந்ததாகச் சொன்னார். டிரைவரோடு சேர்ந்து முதலாளியைத் தூக்கிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்கு ஓடினாராம். அப்படியே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம். சண்டை விஷயத்தைப் போலீஸில் சொன்னதும் அவர்தான். "கேட்டாங்க, சொன்னேன். கேக்காம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அதில் அவருக்கு வருத்தம் இருப்பது தெரிந்தது.

முதலாளியம்மாவின் தம்பியை எல்லோரும் சின்னவர் என்றார்கள். கண்கள் சிவந்திருந்தன. நகங்களைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரல் நுனிக்கு வந்திருந்தார்.

"ஆம்புலன்ஸ்ல நீங்களும் போனீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல... ஆபீஸைப் பூட்டிட்டு, அக்காவைக் கார்ல கூட்டிட்டுப் பின்னாலயே போனேன்."

"அப்ப எல்லாரும் போனப்புறம் கொஞ்ச நேரம் நீங்க இங்கதான் இருந்திருக்கீங்க."

சின்னவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாசலைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம்தான்" என்றார் சின்னவர்.

ஷெட்டில் டிராக்டருக்குக் காவலாக ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் உதட்டைக் குவித்து ஒரு விசில் கொடுத்தார். போலீஸ்காரர் துள்ளி எழுந்தார்.

"எறங்க வேண்டிய எடம் வந்துருச்சு சார்" என்றார் கண்டக்டர்.

டிராக்டர் பளீரென்ற சிவப்பு. கவிழ்வதற்கு முந்தின வாரம்தான் பெயின்ட் அடித்ததாம். ஸ்டீயரிங் வளைந்திருந்தது. ஒருபக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. சங்கிலி, போலீஸ் பார்த்தபடியே, சீட்டுக்குப் பின்னால் மேல் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேடம் சங்கிலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வளையத்தின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தார்.

"கண்டக்டர், என்ன தெரியுது?"

"சிவப்பு."

"வேற?"

"புதுச் சிவப்பு."

"அதுதான் விஷயம். சேத்துல பொதைஞ்ச மரத்தை இழுத்து, வண்டியையே பொரட்டிப் போட்ட சங்கிலி. வளையத்துல ஒரு கீறல்கூட இல்ல."

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச சங்கிலி."

"இழுக்காத சங்கிலி" என்று திருத்தினார் மேடம்.

அவர் குனிந்து கீழே இருந்த டிராபாரைப் பார்த்தார். துளையைச் சுற்றிப் பெயின்ட் வழித்தெடுக்கப்பட்டு, இரும்பு வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. இழுவை நடந்த இடம் அதுதான். டிரைவர் சொன்னது உண்மை. வண்டியை நிமிர்த்திய பிறகு யாரோ சங்கிலியைக் கீழேயிருந்து கழற்றி மேலே மாட்டியிருக்கிறார்கள்.

வேலையை முடித்தவர், பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை. மறுபடியும் டிராபார் துளையிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தார். மேடம் விரலை அடியில் விட்டுத் தடவினார். பின்னின் கீழ் ஓட்டையில் வளைந்த ஆணி இல்லை. வேறொன்று இருந்தது. இரண்டு கால்களும் அழகாக விரித்து மடக்கப்பட்ட ஒரு கொண்டை ஊசி.

கண்டக்டர் மண்டியிட்டுப் பார்த்தார். முழங்கால் முனகியது.

"டிராக்டருக்குத் தலை சீவி விட்டிருக்காங்க மேடம்."

"ஆணி சேத்துல விழுந்து தொலைஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா இது."

கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். "பலகை அடுக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் கொண்டைதான். அதைவிட மோசம், நம்மகிட்ட வந்து அழுத டிரைவர் சம்சாரமும் கொண்டைதான். தினமும் புருஷனுக்கு மில்லுக்கே சாப்பாடு கொண்டுவர்ற ஆள்."

"பாத்தேன்."

"நம்ம ஆளே மாட்டிக்கிட்டா நம்ம கதி?"

"ஊசியைத் தொடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் பின் சக்கரங்களின் பக்கம் போனார். கண்டக்டர் கூடவே நொண்டியபடி வந்தார்.

"ஒண்ணு புரியல மேடம். கீழ மாட்டி இழுத்தா கவிழாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? கீழதான் மாட்டியிருக்கு. அப்புறம் எப்படிக் கவிழ்ந்துச்சு?"

"கீழ மாட்டினா, மூக்கு மேல போகப் போக டிராபார் தரையைப் பாத்து எறங்கும். இழுப்பு தளர்ந்துரும். வண்டி தானா கீழ வந்துரும். பயமுறுத்தும், ஆனா ஒண்ணும் செய்யாது."

"எங்க டெப்போ மேனேஜர் மாதிரி."

"ஆனா சக்கரமே சுத்த முடியாம கட்டிப்போட்டுட்டா கதை வேற. இங்க பாருங்க."

சக்கரத்தின் இரும்பு வளையத்தில், புதுப் பெயின்டின்மேல் கயிறு உரசிய தடம் இருந்தது. அந்தப் பக்கச் சக்கரத்திலும், அதே இடத்தில், அதே தடம்.

"சக்கரம் சேத்துல வழுக்குது. அவசரக்காரங்க என்ன செய்வாங்க? சக்கரத்துக்கு முன்னால கட்டையைக் குடுத்து, சக்கரத்தோட சேத்துக் கட்டிடுவாங்க. கட்டைமேல ஏறி வெளிய வந்துரும்னு நெனப்பு. சக்கரம் நகர எடமில்ல. என்ஜின் விடாது. சக்கரம் சுத்தலைன்னா, சக்கரத்தைச் சுத்தி வண்டி சுத்தும்."

கண்டக்டர் உள்ளங்கையை மேலே தூக்கி மெல்லப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். "மல்லாக்க."

"மல்லாக்க. அந்தக் கட்டையைக் கண்டுபிடிக்கணும்."

கண்டக்டர் ஷெட்டுக்கு வெளியே பார்த்தார். வேலி வரைக்கும் கட்டை. அடுக்கிய கட்டை, அடுக்காத கட்டை, அறுத்த கட்டை, அறுக்கப் போகிற கட்டை.

"மர மில்லுல ஒரு கட்டையைத் தேடணுமா?"

"ரெண்டு கட்டை" என்றார் மேடம்.

மத்தியானம் வரை தேடினார்கள். கடைசியில் விறகுக்கென்று ஒதுக்கிய குவியலின் ஓரத்தில், "என்னால முடியல மேடம்" என்று கண்டக்டர் ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"என்ன?"

"குத்துது. உக்காற எடத்துல வரிவரியா மேடு பள்ளம்."

கட்டையைப் புரட்டினார்கள். டிராக்டர் டயரின் தடித்த வரிகள் மரத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. வெண்ணெயில் விரல் பட்டது போல. அதற்கடியிலேயே ஜோடிக் கட்டை. அதில் கயிற்றின் ஒரு துண்டு முடிச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறு பிய்ந்திருக்கவில்லை. கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

"துப்பறியறதுல எனக்குன்னு தனி முறை இருக்கு மேடம்" என்றார் கண்டக்டர், பின்பக்கத்தைத் தட்டிவிட்டபடி.

"சின்னவர்தானே?" என்று அவரே தொடர்ந்தார். "எல்லாரும் போனப்புறம் இங்க இருந்தது அவர்தான். முகத்துல டிக்கெட் வாங்காத களை சொட்டுது."

"டிக்கெட் வாங்கலைங்கறது நெஜம்தான். ஆனா கொண்டை ஊசி அவர் தலையில நிக்காது" என்றார் மேடம். "இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போடுங்க. டிரைவர் சம்சாரத்தையும் வரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் வந்து வெயிலில் நின்றார். தன் வழக்கு முடிந்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. டிரைவரின் மனைவி கேட் ஓரமாக நின்றாள். பலகை அடுக்கும் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். முதலாளியம்மா ஆபீஸ் படியில்.

"இந்த டிராக்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஃபோட்டோ எடுக்கணும்" என்றார் மேடம். "என்ஜின் ஓடாது. இன்னொரு வண்டி இருக்கே, அதை வெச்சு இழுங்க."

மில்லின் சின்ன நீல டிராக்டரை மேஸ்திரி ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். வேறொரு சங்கிலியின் ஒரு முனையைச் சிவப்பு டிராக்டரின் முன்பக்கம் மாட்டினார். மறுமுனையை நீல டிராக்டரின் டிராபாரில் வைத்துப் பின்னைப் பொத்தென்று போட்டார். கையைத் தட்டிக்கொண்டு ஏறி உட்காரப் போனார்.

"ஒரு நிமிஷம். சங்கிலி முறுக்கிட்டு இருக்கு. சின்னவர் மாட்டட்டும்" என்றார் மேடம்.

சின்னவர் வந்தார். பின்னை உருவினார். சங்கிலியை நேராக்கினார். பின்னைப் போட்டார். விலகி நின்றார்.

கண்டக்டர் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டிரைவரின் மனைவி கணவனைப் பற்றிய கவலையில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, எடுங்க" என்றார் மேடம்.

நீல டிராக்டர் புகை கக்கியது. சங்கிலி தரையிலிருந்து எழுந்து விறைத்தது.

"நிறுத்து!"

முதலாளியம்மா படியிறங்கி வேகமாக வந்தார். "என்ன மேஸ்திரி இது, எத்தனை தடவை சொல்றது? தம்பி, தள்ளு."

அவர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிராபாருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்னின் அடியில் விரலை விட்டார். ஓட்டை காலி. அவருடைய இன்னொரு கை யோசிக்காமல் தலைக்குப் போனது. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, ஓட்டையில் செருகி, கட்டைவிரலால் இரண்டு கால்களையும் விரித்து மடக்கியது.

"பின் எகிறிச்சுன்னா சங்கிலி வந்து பக்கத்துல நிக்கறவன் காலை ஒடிச்சுப் போட்டுரும். பின்னைப் போட்டா கிளிப்பைப் போடாம நகரக் கூடாது." அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ம், இப்ப எடு."

யாரும் எடுக்கவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் சைகை காட்ட, மேஸ்திரி அதை அணைத்தார்.

"யார் சொல்லிக்கொடுத்தாங்கம்மா?" என்று மேடம் கேட்டார். கேள்வி மிருதுவாகத்தான் இருந்தது.

"எங்கப்பா. எங்க வீட்டுல டிராக்டர் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னால நான்தான்..." முதலாளியம்மா அங்கேயே நிறுத்தினார்.

கண்டக்டர் சிவப்பு டிராக்டரின் பின்னால் போய்க் குனிந்தார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே ஒரு கொண்டை ஊசி. இங்கே ஒரு கொண்டை ஊசி. ஒரே மடிப்பு.

முதலாளியம்மாவின் கொண்டையிலிருந்து ஒரு கற்றை முடி நழுவிக் கழுத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சொருகவில்லை.

"அக்கா..." என்றார் சின்னவர்.

"நீ பேசாதே."

"இத்தனை நாளா அதைத்தான் சொல்லிட்டு இருக்கே!" சின்னவர் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினார். "சக்கரத்துல கட்டையைக் கட்டினது நான்தான் சார். மாமா கட்டச் சொன்னார். வேணாம் மாமான்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல. கட்டினேன். அவர் வண்டியை எடுத்தார்..." அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

"கட்டினது நீங்க" என்றார் மேடம். "அறுத்தது?"

"நான்" என்றார் முதலாளியம்மா. இப்போது அவர் குரல் கணக்குச் சொல்வது போலச் சமமாக இருந்தது. "எல்லாரும் அவரைத்தான் பாத்தாங்க. நானும் அவரைத்தான் பாத்தேன். ஆம்புலன்ஸ் போனப்புறம்தான் சக்கரத்தைப் பாத்தேன். கயித்துல தம்பி போடற முடிச்சு. அவர் சொல்லாம இவன் செஞ்சிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா அதைச் சொல்றதுக்கு அவருக்கு நெனவு இல்லையே. இவனைக் காரை எடுத்துட்டு வரச் சொல்லிட்டு அறுத்தேன். கட்டையை வெறகுல போட்டேன்."

"சங்கிலி?"

"கீழ மாட்டின வண்டி எப்படிக் கவிழ்ந்துச்சுன்னு வெவரம் தெரிஞ்ச யாராவது கேப்பாங்க. மேல மாட்டியிருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவசரத்துல அவரே மாட்டிக்கிட்டார்னு முடிச்சுடுவாங்கன்னு நெனச்சேன்."

"டிரைவரைப் பிடிச்சுட்டாங்களே?"

முதலாளியம்மா கேட் பக்கம் பார்க்கவில்லை. "நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். தினமும் அப்படித்தான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அப்ப நான் ஒரு வாரமா ஒரு சங்கிலியை நம்பிட்டு இருந்திருக்கேன்."

"பரவாயில்ல சார்" என்றார் கண்டக்டர். "நான் எங்க கட்சிக்காரம்மாவையே நம்பல."

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில், முதலாளியம்மாவும் சின்னவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாக்குமூலம் எழுதி முடிந்துவிட்டது. எதிர் பெஞ்சில் டிரைவரின் மனைவி. நடுவே போலீஸ்காரரின் மேஜை. அவர் இப்போது விழித்திருந்தார்.

முதலாளியம்மாதான் முதலில் பேசினார்.

"உன் புருஷனுக்குக் கெடுதல் பண்ணணும்னு நெனக்கலம்மா. என் தம்பியைக் காப்பாத்தணும்னு மட்டும்தான் நெனச்சேன்."

டிரைவரின் மனைவி அவரை நேராகப் பார்த்தாள். மில்லில் இத்தனை வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இவருக்கும் ஒரு அக்கா இருக்காங்கம்மா" என்றாள். "இத்தனை நாளா அவங்க சாப்பிடல."

முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டார். சின்னவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து டிரைவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பழக்கத்தில் முதலாளியம்மாவுக்கு வணக்கம் வைக்கக் கை பாதி எழுந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

வெளியே படிக்கட்டில் மேடமும் கண்டக்டரும் நின்றிருந்தார்கள். டிரைவர் மேடத்தின் முன் வந்து நின்று கைகூப்பினார்.

"போய்க் குளிங்க" என்றார் மேடம். "அப்புறம் பேசலாம்."

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

டிரைவர் நகரவில்லை.

"ஆஸ்பத்திரி வழியாப் போலாமா?"

"வழியாவா? நம்ம வீடு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"சுத்திப் போலாம். அவர் எப்படி இருக்கார்னு ஒரு தடவை பாத்துட்டு."

அவள் ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வந்தது. சொல்ல நினைத்தது எல்லாம் உதடு வரைக்கும் வந்தது.

"நான் உள்ள வர மாட்டேன்" என்றாள். "கேட்டுக்கு வெளியதான் நிப்பேன்."

"சரி."

"யார் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

"சரி."

அவள் அவர் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள், ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக.